நல்ல காலைக்கு நல்ல எண்ணம் போதாது

கண் விழித்ததும் கைபேசியைத் தொடாதே. ஐந்து நிமிடம் கண்மூடி உட்கார். இன்றைய நாளை எப்படி நடத்தப்போகிறேன் என்று மனத்துக்குள் ஒரு தீர்மானம் எடு. அந்த எண்ணம் இரவு வரை உன்னை வழிநடத்தும். இந்த அறிவுரை இப்போது எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. பள்ளிக் கரும்பலகையில் ‘இன்றைய சிந்தனை’யாக வருகிறது. வாட்ஸ்அப்பில் சூரியோதயப் படத்தோடு வருகிறது. யூடியூபில் தன்னம்பிக்கைப் பேச்சாகவும், நிறுவனங்களில் மனநலப் பயிற்சியாகவும் வருகிறது. கேட்க இதமாக இருப்பதாலும், யாருக்கும் கெடுதல் செய்யாது என்று தோன்றுவதாலும் இதை எவரும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டியது என்று நான் கருதுகிறேன்.

எதை மறுக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விடியலில் விளக்கேற்றிக் கும்பிடுபவரோடு எனக்கு வழக்கில்லை. மூச்சைக் கவனித்து அமைதியாக உட்காருபவரோடும் இல்லை. அது அவரவர் நிம்மதி. அதன்மேல் கட்டப்பட்டிருக்கும் வாதத்தோடுதான் என் வழக்கு. அந்த வாதத்துக்கு மூன்று படிகள் உண்டு. நாள் எப்படி அமையும் என்பதைக் காலை எண்ணம் முடிவு செய்கிறது என்பது முதல் படி. எண்ணம் முழுக்க உன் கையில் இருக்கிறது என்பது இரண்டாவது. ஆகவே நாள் கெட்டுப்போனால் பொறுப்பு உன்னுடையது என்பது மூன்றாவது. மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டவர் அங்கேதான் போய்ச் சேருகிறார். நாள் முழுக்க ஓடிக் களைத்த ஒரு பெண், ‘நான்தான் மனசைச் சரியா வச்சுக்கலை’ என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது இந்த வாதத்தின் விளைச்சல்.

திண்டுக்கல் சமவெளியில் நின்று இந்த வாதத்தைப் பார்த்தால், அது தொடங்கும் இடத்திலேயே தடுக்கி விழுகிறது. நாள் என்பது காலையில் தொடங்குவது என்று அது எண்ணிக்கொண்டிருக்கிறது. வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் நூற்பாலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அங்கே ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. இரவு ஷிப்ட் முடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க மில் வண்டியிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு விடியல் என்பது நாளின் முடிவு. பகல் ஷிப்ட் வாரத்தில் அவள் எழும்போது இருட்டு விலகியிருக்காது. வண்டி தெருமுனைக்கு வரும் நேரத்தை அவள் முடிவு செய்வதில்லை. வண்டி அவளுக்காகக் காத்திருப்பதும் இல்லை. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களிலும் இதே கதைதான். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், விரிந்த பூவுக்குச் சந்தையில் மதிப்பில்லை. அதனால் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டில் பறிக்கிறார்கள். திண்டுக்கல் நகரத்தில் குழாயில் தண்ணீர் விடும் நாளன்று, அது எந்த நேரத்தில் வந்தாலும் குடத்தோடு எழுந்து நிற்கிறார்கள். ஆத்தூர் காமராஜர் அணையிலும் பேரணையிலும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்கும், இந்த ஊரின் ஒரு வீட்டுக் காலை எப்படி விடிகிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. உள்ளத்தில் எழும் தீர்மானத்துக்கு முன்பே அந்தக் காலையின் உருவத்தை ஷிப்ட் பட்டியலும், பூச்சந்தையும், மாநகராட்சிக் குழாயும் தீர்மானித்துவிடுகின்றன.

இனி அந்த ஐந்து நிமிட அமைதி எங்கிருந்து கிடைக்கிறது என்று பார்க்கலாம். ஒருவர் மாடியில் கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது கீழே அடுப்பு தானாக எரிவதில்லை. யாரோ காபிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள், யாரோ பிள்ளையை எழுப்பிப் பல் துலக்க வைக்கிறார்கள், டிபன் பாக்ஸ் கட்டுகிறார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் இந்தியா முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகவும், அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாகவும் அதில் தெரியவந்தது. அந்த வேலையைச் செய்யும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! அதில் பெரும்பங்கு விழுவது காலையில்தான் என்பதை எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு வீட்டில் ஒருவருக்கு அமைதியான காலை கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் இன்னொருவருடைய காலை அதற்காகச் செலவாகியிருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, அமைதி என்பது மன ஒழுக்கத்தின் பரிசு என்று பேசுவது நேர்மையாகாது.

‘சூழ்நிலை எப்படி இருந்தாலும் கவனம் நம் கையில்தானே’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டு வயல்களிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் செய்த அந்த ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. கரும்பு விவசாயிக்குப் பணம் ஆண்டுக்கொரு முறை, வெட்டு முடிந்த பிறகுதான் கைக்கு வரும். வெட்டுக்கு முன்பு அடகும் கடனுமாக இழுபறி நடக்கும். அதே மனிதரை வெட்டுக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். பணமுடை இருந்த காலத்தில் கவனத்தையும் சிந்தனையையும் அளக்கும் சோதனைகளில் அவர்கள் மோசமாகச் செய்தார்கள், பணம் வந்த பிறகு மேம்பட்டார்கள். மனிதர் மாறவில்லை, குணம் மாறவில்லை, அவருடைய மனவுறுதியும் அந்த இடைவெளியில் வளர்ந்துவிடவில்லை. கையில் இருந்த பணம்தான் மாறியது. முடிவுகளை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் அறிஞர்களிடையே விவாதம் நடந்தது உண்மை. ஆனாலும் வட்டி கட்ட வேண்டிய தேதி நெருங்கும்போது தலைக்குள் வேறு எதற்கும் இடம் இருப்பதில்லை என்பது, மைக்ரோ பைனான்ஸ் குழுவில் கடன் வாங்கிய எவருக்கும் புதிய செய்தியாக இருக்காது. கவனத்தைக் கேட்கும் அறிவுரை, கவனத்தைத் தின்னும் கடனைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

தூக்கத்தைப் பற்றியும் அப்படித்தான். ‘சீக்கிரம் தூங்கு, அதிகாலையில் எழு’ என்பது இந்த அறிவுரையின் இன்னொரு கை. அமெரிக்கரான ஹால் எல்ராட் 2012இல் காலைப் பொழுதின் அற்புதத்தைப் பற்றி எழுதிய நூலும், கனடாவைச் சேர்ந்த ராபின் சர்மா 2018இல் ஐந்து மணிக்கு எழுவதைப் பற்றி எழுதிய நூலும் உலகம் முழுக்க விற்றன. ஆனால் சென்னையில் குறைந்த வருவாயுள்ள 452 பேரைக் கணினியில் தரவு பதியும் வேலைக்கு அமர்த்திச் செய்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. அவர்கள் இரவில் சுமார் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான். புழுக்கம், இரைச்சல், கொசு, இடநெருக்கடி எல்லாம் சேர்ந்து தூக்கத்தைத் துண்டு துண்டாக்கின. அறிவுரையும் ஊக்கமும் சில பொருள்களும் கொடுத்து இரவுத் தூக்கத்தை அரை மணி நேரம் அளவுக்குக் கூட்டினார்கள். அதனால் அவர்கள் வேலையிலோ மனநிலையிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் வேலையிடத்திலேயே பிற்பகலில் அரை மணி நேரம் நிம்மதியாகக் கண்ணயர இடம் கொடுத்தபோது கவனமும் வேலைத்திறனும் மனநலமும் மேம்பட்டன. அந்த மனிதர்களுக்கு நாளை மாற்றிக் கொடுத்தது காலையில் எடுத்த தீர்மானம் அல்ல. வேலை கொடுத்தவர் தன் கடிகாரத்திலிருந்து எடுத்துக் கொடுத்த முப்பது நிமிடமும், படுக்க ஓர் அமைதியான இடமும்தான்.

எண்ணத்துக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தையே அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். தாமஸ் வெப், பாஸ்கல் ஷீரன் இருவரும் 47 சோதனைகளைத் தொகுத்து 2006இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். எண்ணத்தைக் கணிசமாக மாற்றினாலும் செயலில் வரும் மாற்றம் அதைவிடச் சிறிதாகவே இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. அதே ஆண்டு பீட்டர் கோல்விட்சரும் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்தார்கள். ‘நல்லவளாக இருப்பேன்’ என்பதுபோன்ற பொதுவான எண்ணத்தைவிட, ‘இந்த நேரத்தில், இந்த இடத்தில், இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று குறித்துவைக்கும் திட்டம் நன்றாகவே வேலை செய்கிறது என்றார்கள். இதை எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமாகக் காட்டலாம். கூர்ந்து பார்த்தால் இது என் தரப்பைத்தான் பலப்படுத்துகிறது. நேரமும் இடமும் தெரிந்திருந்தால்தான் அப்படி ஒரு திட்டம் போட முடியும். அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்று தெரியாதவள், நாளை தண்ணீர் வருமா என்று தெரியாதவள் எந்த மணியைக் குறித்துவைப்பாள்?

இந்த அறிவுரையின் ஊற்று என்று சொல்லப்படும் இடத்தையும் மறந்துவிடக்கூடாது. ஜான் கபாட்-ஸின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியால் வாடும் நோயாளிகளுக்காகத் தொடங்கியது பல வாரத் தியானப் பயிற்சி. ஆசிரியர் இருந்தார், வாரம் தவறாமல் கூடும் குழு இருந்தது, தினமும் பயிற்சிக்கென ஒதுக்கிய நேரம் இருந்தது. நம் கைபேசிக்கு வந்து சேர்ந்ததோ ஆசிரியரும் குழுவும் நேரமும் கழன்றுபோன வெறும் ஒரு வரி. மருந்தை எடுத்துவிட்டுச் சீட்டை மட்டும் நீட்டுகிறார்கள்.

இனி மரபைக் காட்டி வைக்கும் வாதம். வள்ளுவரே ஊக்கத்தைப் பாடவில்லையா என்பார்கள். பாடினார், 60ஆம் அதிகாரம் முழுவதும் ஊக்கமுடைமைதான். ஆனால் அதற்கு வெகு முன்பே வலியறிதலை 48ஆம் அதிகாரமாகவும், காலமறிதலை 49ஆகவும், இடனறிதலை 50ஆகவும் குறள் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. தன் வலிமை, காலம், இடம் மூன்றையும் எடைபோட்ட பிறகே ஊக்கத்துக்கு வருகிறது பொருட்பால். முன்னே உள்ள மூன்றையும் தாண்டிக் குதித்து ஊக்கத்தை மட்டும் கரும்பலகையில் எழுதுவது வள்ளுவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

பழனி பாதயாத்திரையைச் சொல்வார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் வந்து, ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனிக்குப் போகும் நகரத்தார் காவடியை இந்த ஊர் ஆண்டுதோறும் பார்க்கிறது. மாலை போட்டு, விரதமிருந்து, நேர்த்திக்கடனைச் சுமந்து நடக்கிறார்கள். அதைவிட உறுதியான ஒரு சங்கற்பம் உண்டா? உண்மைதான். ஆனால் அந்தச் சங்கற்பத்தைத் தாங்கி நிற்பது எது என்று சாலையோரம் நின்று பாருங்கள். முன்னும் பின்னும் உடன் நடப்பவர்கள் இருக்கிறார்கள். வழிநெடுக அன்னதானப் பந்தல், மோர்ப் பந்தல், கால் நீவிவிட ஆள், படுக்க மண்டபம், முன்கூட்டியே சொல்லிவைத்த விடுப்பு எல்லாம் இருக்கின்றன. தனி ஆளின் எண்ணத்தை ஓர் ஊரே தூக்கிக்கொண்டு நடக்கிறது. நம் மரபு சங்கற்பத்தைத் தனியாக விட்டதே இல்லை.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்தையும் இங்கே பேச வேண்டும். டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. காந்தியின் ஆசிரமங்களில் விடியலுக்கு முன் பிரார்த்தனை நடந்தது, எல்லாரும் கூடிச் செய்த பிரார்த்தனை. அது முடிந்ததும் சமையலறையும் கழிப்பறையும் முறைவைத்து எல்லாருக்கும் வந்தன. ஒருவர் தியானிக்க இன்னொருவர் பாத்திரம் தேய்க்கும் ஏற்பாடு அங்கே கிடையாது. அந்த வழியில் வந்த சௌந்தரம், பிரார்த்தனையோடு நின்றுவிடாமல் கிராமத்துத் தாய்மார்களுக்காக மகப்பேறு மருத்துவத்தைத் தொடங்கினார். அது கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. தமிழில் ‘எண்ணங்கள்’ எழுதிப் பல்லாயிரம் இளைஞர்களை நிமிர வைத்த எம்.எஸ். உதயமூர்த்தியும் அந்தப் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். எண்ணத்தின் ஆற்றலை யாரையும்விட அதிகமாக நம்பியவரே, தனித்தனி எண்ணங்களை ஓர் அமைப்பாக்க வேண்டும் என்று இறங்கியதை அவருடைய வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மறுப்புக்கு எதிராக வரும் கேள்விகளிலேயே கனமானது ஒன்று உண்டு. ‘ஏழைக்கு உள்வாழ்க்கை வேண்டாமா? சூழ்நிலை மாறும்வரை அவள் மனம் உடைந்தே கிடக்க வேண்டுமா?’ மதிப்போடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. மில் வண்டியில் ஏறும் பெண்ணுக்குத் தீர்மானம் இல்லை என்று யார் சொன்னது? மகளை நர்சிங் சேர்ப்பது, அடகு நகையை மீட்பது, ஓட்டு வீட்டை மெத்தை வீடாக்குவது என்று பத்து வருடத் தீர்மானங்களைச் சுமந்துகொண்டுதான் அவள் ஏறுகிறாள். சன்னலோரம் சாய்ந்து அவள் கண்மூடுவதும் ஒரு பிரார்த்தனையாக இருக்கலாம். அவளுக்குக் குறையாக இருப்பது நேரம், தூக்கம், பயமில்லாத வேலையிடம். நிறைய இருப்பதைப் பற்றி அவளுக்குப் பாடம் நடத்திவிட்டு, இல்லாததைப் பற்றி மௌனம் சாதிப்பதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

இந்த மண்ணில் காலைகளை உண்மையாகவே மாற்றியவை எவை என்று எண்ணிப் பார்ப்போம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. அம்மா வேலைக்கு இருட்டோடு கிளம்பிவிட்ட வீட்டுப் பிள்ளைக்கு இப்போது பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சூடாகக் கிடைக்கிறது. பிள்ளை பட்டினியாகப் போகிறதே என்ற உறுத்தல் இல்லாமல் ஒரு தாய் வண்டி ஏறுகிறாள். இரண்டு பேருடைய காலையை ஒரு சட்டி உப்புமா சரிசெய்திருக்கிறது. எந்தக் காலைத் தியானம் இதைச் செய்திருக்கிறது?

எட்டு மணி நேர வேலையும் அப்படி வந்ததுதான். இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்து நின்றன. மூன்றாம் நாளே அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அந்த மசோதா நடைமுறைக்கு வந்திருந்தால் இந்தச் சமவெளியில் எத்தனை காலைகள் காணாமல் போயிருக்கும்! அவற்றைக் காப்பாற்றியது மக்கள் சேர்ந்து எழுப்பிய குரல்.

திண்டுக்கல்லின் பெயரிலேயே உலகம் அறிந்த ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு, பெண்கள் தலைமையில் இயங்கும் டி.டி.சி.யூ. தொழிற்சங்கம் போராடி, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புகளின் துணையோடு 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கண்டது. ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது. பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். மேற்பார்வையாளரின் முகத்தை நினைத்து வயிறு கலங்க எழுந்த பெண்ணுக்கு, புகார் சொன்னால் பின்னால் சங்கம் நிற்கும் என்ற தெம்பு வந்தது. காலையில் எழும்போது மனம் எப்படி இருக்கிறது என்பதை அந்தத் தெம்பும் முடிவு செய்கிறது.

எனவே காலைப் பொழுதின் மேல் அக்கறை உள்ளவர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இவை. ஆலைகள் ஷிப்ட் பட்டியலை ஒரு மாதம் முன்பே ஒட்டட்டும். இரவு ஷிப்ட்டுக்கும் அடுத்த பகல் ஷிப்ட்டுக்கும் இடையே முழு ஓய்வு கிடைக்கட்டும். வேலையிடத்தில் அரை மணி நேரம் தலைசாய்க்க ஓர் அறை இருக்கட்டும். தண்ணீர் விடும் நேரத்தை மாநகராட்சி அறிவித்து, அறிவித்தபடி விடட்டும். வீட்டு ஆண்கள் தியானத்துக்கு உட்காருவதற்கு முன் அடுப்படிக்குள் போகட்டும். மனநலப் பயிற்சி நடத்தும் நிறுவனம் முதல் வகுப்பைத் தன் நிர்வாகத்துக்கு நடத்தி, அவர்கள் எடுக்கும் தீர்மானத்தை எழுத்தில் வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். தீர்மானம் எடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். நேரத்தைப் பங்கிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் நல்ல எண்ணத்தைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் அதைக் கேட்டு வாங்கச் சங்கமாகச் சேர வேண்டும்.